மூலிகை மருந்துக்கு ‘முழுப் பரிசோதனை’ பேக்கேஜ்: எதைக் கேட்டு வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

மூலிகை மருந்து தயாரிப்பவர்களுக்குப் பரிசோதனைக்கூடங்கள் விற்கும் ‘முழுப் பரிசோதனை’ பேக்கேஜ் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே சாயலில்தான் இருக்கிறது. நிறம், மணம், சுவை. உலர்த்தலில் எடை இழப்பு. சாம்பல் அளவு. நீரிலும் சாராயத்திலும் கரையும் சத்து. ஒரு டி.எல்.சி. படம் (சேர்மங்களைத் தகட்டில் பட்டைகளாகப் பிரித்துக் காட்டுவது). நான்கு கன உலோகங்கள், நுண்ணுயிர் எண்ணிக்கை, அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு, பூச்சிக்கொல்லி எச்சம். கடைசிப் பக்கத்தில் ‘தரநிலைக்கு உட்பட்டது’ என்று ஒரு வரி, ஒரு முத்திரை.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: உலோகமும் நுண்ணுயிரும் பார்க்கும் பகுதி கொடுக்கும் காசுக்குத் தகும். சாம்பலும் கரையும் சத்தும், பழைய முறைகள் என்றாலும், பலர் நினைப்பதைவிட அதிகம் சொல்லும். ‘இது இந்த மூலிகைதானா’ என்று பார்க்கும் பகுதிதான் பேக்கேஜிலேயே பலவீனமானது. அதுதான் முதலில் உறுதியாக வேண்டியதும்கூட. சத்தளவு என்று ஒற்றை எண்ணாக வருவதை அப்படியே நம்பக் கூடாது. வேர், இலை, சூரணம், கெட்டிச்சாறு, மாத்திரை எல்லாவற்றிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பதுதான் இந்தச் சேவையின் அடிப்படைக் குறை. கிராம்புக்குப் பொருத்தமான கேள்வி அமுக்கராவுக்குப் பொருந்தாது. ஆகவே பேக்கேஜாக வாங்காமல், மூலிகைக்கு ஏற்றபடி சோதனைகளைத் தனித்தனியாகக் கேட்டு வாங்குவதே எங்கள் பரிந்துரை.

மாதிரி: பாதி தவறு இங்கேயே நடந்துவிடுகிறது

அறிக்கையின் கீழே சிறிய எழுத்தில் ‘இந்த முடிவு பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்’ என்று இருக்கும். அதைச் சம்பிரதாயம் என்று தாண்டிப் போக வேண்டாம். அறுபது மூட்டை வேரில் ஒன்றைத் திறந்து, மேலே கைக்கு வந்ததை ஒரு பையில் போட்டு அனுப்பினால், எவ்வளவு உயர்ந்த கருவியில் ஓட்டினாலும் அந்தக் கைப்பிடியின் தரம்தான் தெரியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இதற்கு எளிய கணக்கு சொல்கிறது. ஐந்து மூட்டை வரை என்றால் எல்லாவற்றிலிருந்தும் எடுக்க வேண்டும். 6 முதல் 50 வரை என்றால் ஐந்து மூட்டையிலிருந்து. 50-ஐத் தாண்டினால் பத்தில் ஒன்று. எண்ணிக்கையை அடுத்த பத்துக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். 51 மூட்டை என்றால் 60 என்று கொண்டு ஆறு மூட்டை. ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். வண்டி குலுங்கி வரும்போது மணலும் நொறுங்கிய தூளும் அடியில் இறங்கிவிடும். ஈரம் நடுவில் தங்கும். பூஞ்சை பெரும்பாலும் அங்கேதான் பிடிக்கும். மேலே மட்டும் எடுத்தவருக்குச் சாம்பலும் குறைவாகத் தெரியும், பூஞ்சையும் தெரியாது. எடுத்ததையெல்லாம் ஒன்றாகக் கலந்து சதுரமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பங்குகளைத் தள்ளிவிட்டு, மீதியை மறுபடி கலந்து பிரித்து, தேவையான அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

அளவிலும் கஞ்சத்தனம் வேண்டாம். அயற்பொருள் (மண், கல், வேறு செடி போன்ற வேண்டாதவை) பார்ப்பதற்கு மட்டுமே வேர், கிழங்கு, பட்டை என்றால் 500 கிராமும், இலை, பூ, விதை, காய் என்றால் 250 கிராமும், நறுக்கிய சரக்கு என்றால் 50 கிராமும் வேண்டும். ‘மொத்தமாக 100 கிராம் அனுப்பினால் போதும்’ என்று சொல்லும் கூடம் அயற்பொருளைக் கண்ணால் பிரித்துப் பார்க்கப் போவதில்லை என்று பொருள். ஐரோப்பிய மருந்தியல் தொகுப்பில், தனி மூலிகைக்கு வேறு அளவு சொல்லப்படாதவரை, அயற்பொருளின் பொது வரம்பு எடையில் 2 சதவீதம்.

இன்னொன்று: தூளாக்கி அனுப்ப வேண்டாம். சரக்கை முழுதாக அனுப்பினால் இலையின் விளிம்பு, வேரின் முறிவு, காம்பு, விதை எல்லாம் சாட்சி சொல்லும். அரைத்துவிட்டால் நுண்ணோக்கியும் வேதியியலும் மட்டுமே மிச்சம். தூளாகவே சரக்கு வாங்குபவர் அந்தச் சாட்சிகளை விட்டுக்கொடுத்துத்தான் வாங்குகிறார். விலை குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடையாளம்: ஒரு டி.எல்.சி. படத்தால் முடிகிற காரியம் இல்லை

பேக்கேஜில் ‘அடையாளம்: ஒத்துள்ளது’ என்று ஒரே சொல்லில் முடிந்திருக்கும். எதோடு ஒத்துள்ளது என்பதுதான் கேள்வி. ஒரு ஒற்றைச் சேர்மத்தை வாங்கி வந்து பக்கத்தில் ஓட்டி, அதே உயரத்தில் ஒரு பட்டை தெரிந்தால் ‘ஒத்துள்ளது’ என்று எழுதிவிடுவது பரவலான வழக்கம். அந்தச் சேர்மம் பத்துச் செடியில் இருக்கலாம்; வெளியிலிருந்து கலந்ததாகவும் இருக்கலாம். செய்ய வேண்டியது, உறுதி செய்யப்பட்ட மூலிகை மாதிரி ஒன்றைப் பக்கத்துத் தடத்தில் ஓட்டி, பட்டைகளின் முழு வரிசையையும் ஒப்பிடுவது. கலப்படமாக வரக்கூடிய செடியையும் மூன்றாவது தடத்தில் ஓட்டினால் இன்னும் நல்லது.

டி.எல்.சி.யைவிட அதன் துல்லிய வடிவமான எச்.பி.டி.எல்.சி. கேட்பது நல்லது, ஆனால் பெயரில் இரண்டு எழுத்து கூடியதால் மட்டும் நம்பிக்கை வந்துவிடாது. ஒழுங்காகச் செய்தால் இப்படி இருக்கும்: சிலிகா ஜெல் 60 எஃப்254 தகடு, 8 மில்லிமீட்டர் அகலப் பட்டைகளாக மாதிரியைத் தெளித்தல், கரைப்பான் ஆவி நிறைய வைத்த தொட்டியில் 20 நிமிடம், ஈரப்பதத்தை 33 சதவீதத்தில் நிறுத்த மெக்னீசியம் குளோரைடின் நிறைசெறிவுக் கரைசல், தகட்டின் அடி விளிம்பிலிருந்து 70 மில்லிமீட்டர் வரை ஓட்டம். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தாமல் ஓட்டினால் மழைநாளில் பட்டைகள் ஓர் உயரத்திலும் வெயில் நாளில் வேறொன்றிலும் நிற்கும்; அப்புறம் ‘ஏறத்தாழ ஒத்துள்ளது’ என்று எழுத வேண்டிவரும். அறிக்கையில் 254, 366 நானோமீட்டர் ஒளியில் எடுத்த படங்களும், அனிசால்டிஹைடு–சல்ஃப்யூரிக் அமிலம் போன்ற நிறமூட்டி தெளித்துச் சூடாக்கியபின் எடுத்த படமும் இருக்க வேண்டும். படமே இல்லாமல் ஆர்.எஃப். எண்கள் (பட்டை ஏறிய உயரத்தின் விகிதம்) மட்டும் தரும் அறிக்கையைத் திருப்பி அனுப்பலாம்.

நுண்ணோக்கிச் சோதனையைப் பல கூடங்கள் கைவிட்டுவிட்டன. கருவி எளியது, பார்க்கத் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் அரிது. இது பெரிய இழப்பு. ஒரு சிட்டிகைத் தூளைக் குளோரல் ஹைட்ரேட் கரைசலில் போட்டு மெல்லச் சூடாக்கினால் மாவுச்சத்தும் (ஸ்டார்ச்) பச்சையமும் விலகி, செல் சுவர்களும் படிகங்களும் மயிர்களும் தெளிவாகத் தெரியும். ஸ்டார்ச் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீரில் தனியாக ஒரு ஸ்லைடு போட வேண்டும். குளோரல் ஹைட்ரேட்டில் அது கரைந்து போய்விடும். ஒரே ஸ்லைடில் இரண்டையும் தேடிவிட்டு ‘ஸ்டார்ச் இல்லை’ என்று எழுதுவது வழக்கமான பிழை.

கிராம்புத் தூளைப் பாருங்கள். கிராம்பு மொட்டில் கல் செல்கள் (தடித்த சுவருள்ள கடின செல்கள்) கிடையாது; காம்பில் உண்டு. தூளில் கல் செல்கள் நிறையத் தெரிந்தால் காம்பு சேர்த்து அரைத்திருக்கிறார்கள். மொட்டில் ஸ்டார்ச்சும் கிடையாது. முற்றிய காயில் உண்டு. ஆக இரண்டு ஸ்லைடில் இரண்டு கலப்படம் பிடிபடுகிறது. நிலாவாரை இலையில் மருப் போன்ற புடைப்புகளோடு சுவருள்ள ஒற்றைச் செல் மயிர்களும், நரம்பு நார்களை உறைபோல மூடிய கால்சியம் ஆக்சலேட் படிகங்களும் இருக்க வேண்டும். மிளகுத் தூளில் பப்பாளி விதை கலந்திருந்தால், மிளகுக்கே உரிய அடர்ந்த ஸ்டார்ச் திரள்களுக்கு நடுவே ஸ்டார்ச்சே இல்லாத அந்நியத் திசு தெரியும். இவற்றுக்கெல்லாம் ஆகும் நேரம் அரை மணி.

நுண்ணோக்கி தடுமாறும் இடங்களும் உண்டு. சமையலிலும் மருந்திலும் வரும் அன்னாசிப்பூவும் நச்சுள்ள ஜப்பானிய அன்னாசிப்பூவும் காய்ந்தபின் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். இரண்டாவதில் உள்ள அனிசாடின் வலிப்பை வரவழைக்கும். 2001-இல் நெதர்லாந்தில் மூலிகைத் தேநீர் குடித்தவர்களுக்கு இதே கலப்பால் வலிப்பு வந்தது. இங்கே வேதியியல் கைரேகைதான், அதாவது சேர்மங்களின் முழு வரிசையைக் காட்டும் பதிவுதான், கைகொடுக்கும். பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் எடைகுறைப்பு மாத்திரைகளில் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா வேருக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா ஃபாங்சி வேர் போய்ச் சேர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் கெட்டது. பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்த வேரின் சாம்பலையும் நுண்ணுயிரையும் உலோகத்தையும் மட்டும் பார்த்திருந்தால் எந்தக் குறையும் தென்பட்டிருக்காது. அடையாளம் தவறினால் மற்ற எண்கள் எல்லாம் தவறான செடியின் சரியான எண்கள், அவ்வளவுதான்.

டி.என்.ஏ.வைப் படித்துச் செடியின் இனத்தைக் கண்டறியும் பார்கோடு சோதனையைக் கூடுதல் காசுக்குப் பரிந்துரைக்கிறார்கள். காய்ந்த இலை, வேர் என்றால் பயன் உண்டு. கொதிக்க வைத்துப் பிழிந்த சாறு, சாராயத்தில் இறக்கிய கெட்டிச்சாறு என்றால் டி.என்.ஏ. சிதைந்தோ வடிகட்டலில் போயோ இருக்கும். ‘கிடைக்கவில்லை’ என்ற முடிவு மூலிகை இல்லை என்பதற்குச் சான்றாகாது. இலைக்கும் வேருக்கும் டி.என்.ஏ. ஒன்றுதான் என்பதால், எந்த உறுப்பு என்றும் அது சொல்லாது. அமுக்கரா வேரில் இலையைக் கலந்தால் பார்கோடு அமைதியாகத் தேர்ச்சி கொடுத்துவிடும்.

சாம்பல், கரையும் சத்து, ஈரம்

இவை பழங்காலச் சோதனைகள் என்று ஒதுக்கப்படுகின்றன. பேக்கேஜிலேயே மலிவானவையும் இவைதான், செலவுக்கு மிஞ்சிய பலன் தருபவையும் இவைதான்.

மொத்தச் சாம்பலுக்கு 2 முதல் 4 கிராம் தூளை 500–600 டிகிரி செல்சியஸில் வெள்ளையாகும்வரை எரிக்க வேண்டும். அந்தச் சாம்பலை 25 மில்லிலிட்டர் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 நிமிடம் கொதிக்க வைத்து, கரையாததைச் சாம்பல் மிஞ்சாத வடிதாளில் பிடித்து, மீண்டும் எரித்து எடை போட்டால் அமிலத்தில் கரையாச் சாம்பல். செடியின் சொந்த உப்புகள் பெரும்பாலும் கரைந்துவிடும். மிஞ்சுவது மணலும் மண்ணும். கழுவாத வேர், தரையில் உலர்த்திய இலை இரண்டும் இதில் தவறாமல் சிக்கும். வெப்பத்தைச் சட்டென்று ஏற்றினால் உப்புகள் உருகிக் கரியை மூடிக்கொள்ளும். கரி எரியாமல் எடை கூடும். சாம்பல் கருப்பாகவே நின்றால் ஆறவைத்து, சில துளி நீர் விட்டு, உலர்த்தி, மறுபடி எரிக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: குதிரைவால் செடி போன்ற சிலவற்றில் சிலிகா இயற்கையாகவே மிகுதி. அங்கே உயர்ந்த எண்ணை மணல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நீரில் கரையும் சாம்பலைப் பேக்கேஜில் சேர்ப்பதே இல்லை. சுக்குக்கு அது அவசியம். ஏற்கெனவே சத்து இறக்கப்பட்ட இஞ்சிச் சக்கையை உலர்த்தித் தூளாக்கி விற்றால், பார்வைக்கும் நுண்ணோக்கிக்கும் அது இஞ்சிதான்; ஸ்டார்ச் மணிகள்கூட அப்படியே இருக்கும். மொத்தச் சாம்பலும் அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது. நீரில் கரையும் உப்புகள் மட்டும் முதல் இறக்கலிலேயே போய்விட்டிருக்கும். கரையும் சத்துச் சோதனையும் இதே சக்கையைப் பிடிக்கும்: 4 கிராம் தூளுக்கு 100 மில்லிலிட்டர் கரைப்பான், 6 மணி நேரம் அவ்வப்போது குலுக்கல், 18 மணி நேரம் அசையாமல், வடித்ததில் 25 மில்லிலிட்டரை ஆவியாக்கி 105 டிகிரியில் உலர்த்தி எடை. மறுநாள்தான் முடிவு கிடைக்கும் சோதனை இது. அன்றே வாங்கி அன்றே கரையும் சத்து சொல்லும் கூடம் வேறு ஏதோ செய்கிறது.

உலர்த்தலில் எடை இழப்பு என்பதை ஈரம் என்று படிக்கும் பழக்கம் நிறைய குழப்பத்துக்குக் காரணம். 105 டிகிரியில் தண்ணீர் மட்டுமா போகிறது? வாசனை எண்ணெயும் போகிறது. நல்ல கிராம்பில் ஒரு கிலோவுக்கு 150 மில்லிலிட்டருக்குக் குறையாமல் எண்ணெய் இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தொகுப்பு. அதை அடுப்பில் உலர்த்திப் பார்த்தால் நல்ல கிராம்பு ஈரமானதாகவும் எண்ணெய் எடுத்த சக்கை காய்ந்ததாகவும் தெரியும், தீர்ப்பே தலைகீழ். வாசனைச் சரக்குகளுக்கு டொலுவீன் சேர்த்து வடித்து நீரை மட்டும் அளக்கும் முறையைக் கேளுங்கள். சேமிப்புக்கு எது பொருந்தும் என்று தெரிய வேண்டுமானால் நீர்ச் செயல்பாடு என்ற அளவு (நுண்ணுயிர் பயன்படுத்தக்கூடிய நீர் எவ்வளவு என்பது) இன்னும் நேரடியானது: 0.6-க்குக் கீழே நுண்ணுயிர் எதுவும் வளராது. சர்க்கரையும் தேனும் சேர்ந்த லேகியத்துக்கு ஈரச் சதவீதத்தைவிட இந்த எண்தான் உதவும்.

இசப்கோல் உமி மாதிரி வீங்கி வேலை செய்யும் சரக்கை வாங்குபவர் பேக்கேஜ் முழுவதையும் விட்டுவிட்டு முதலில் வீக்க எண்ணை (ஒரு கிராம் சரக்கு நீரில் வீங்கி எத்தனை மில்லிலிட்டர் ஆகிறது என்பது) கேட்கலாம். ஐரோப்பியத் தொகுப்பில் உமிக்குக் குறைந்தது 40. இதற்குக் கருவி என்று தேவைப்படுவது மூடியிட்ட 25 மில்லிலிட்டர் அளவுருளை மட்டுமே.

சத்தளவு: வாங்குபவர் முதலில் தேடும் எண், ஏமாற்றுபவர் முதலில் குறிவைக்கும் எண்

ஜின்கோ இலைச் சாறு இதற்குப் பாடப்புத்தக உதாரணம். ஃபிளேவோன் கிளைக்கோசைடு 22 முதல் 27 சதவீதம் இருக்க வேண்டும் என்பது தரம். அளக்கும் முறையில் மாதிரியை அமிலத்தில் காய்ச்சி, கிளைக்கோசைடுகளிலிருந்து சர்க்கரையைக் கழற்றி, மிஞ்சும் குவர்செட்டின், கேம்ப்ஃபெரால், ஐசோராம்னெட்டின் மூன்றையும் கூட்டுகிறார்கள். மலிவாகக் கிடைக்கும் ருட்டினைக் காய்ச்சினாலும் குவர்செட்டின்தான் வரும். ஆகவே நீர்த்த சாற்றில் ருட்டினைக் கலந்தால் எண் சரியாக வந்துவிடும். கருவியிலோ கணக்கிலோ தவறு இல்லை, கேள்வியிலேயே ஓட்டை. காய்ச்சாத நிலையில் ஒரு கைரேகை எடுத்தால் ருட்டின் தனிச் சிகரமாக நிற்கும். குவர்செட்டினுக்கும் கேம்ப்ஃபெராலுக்கும் உள்ள விகிதம் வழக்கத்துக்கு மீறி ஏறியிருப்பதும் அறிகுறி. ஜின்கோவில் இருக்கக்கூடாத ஜெனிஸ்டீன் தெரிந்தால் வேறொரு செடியின் சாறு கலந்திருக்கிறது.

பில்பெர்ரி சாற்றில் நடந்தது இன்னும் எளிய வேலை. பழத்தின் நிறமியான அந்தோசயனினை ஒளி உறிஞ்சும் அளவைக் கொண்டு கணக்கிட்டார்கள். அமரந்த் என்ற சிவப்புச் செயற்கைச் சாயத்தைக் கலந்ததும் எண் ஏறிவிட்டது. கரைசலில் லேசாகக் காரம் சேர்த்துப் பார்த்தால் அந்தோசயனின் நிறம் மாறும், சாயம் அப்படியே நிற்கும். காசு செலவில்லாத சோதனை.

அமுக்கரா சாற்றுக்கு அதன் முக்கியச் சேர்மங்களைக் கூட்டி ‘மொத்த வித்தனோலைடு இத்தனை சதவீதம்’ என்று மட்டும் போட்ட அறிக்கை போதாது. அவற்றில் ஒன்றான வித்தாஃபெரின்–ஏ வேரைவிட இலையில் அதிகம். இலையைச் சேர்த்து எண்ணை ஏற்றிவிடலாம். வித்தனோலைடுகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பதிவும், இலைக்கு உரிய ஃபிளேவனாய்டுகளைத் தேடும் எச்.பி.டி.எல்.சி.யும் சேர்த்துக் கேளுங்கள். மஞ்சளில் குர்குமின், அதோடு வரும் டிமெத்தாக்ஸி, பிஸ்டிமெத்தாக்ஸி என்ற மூன்றும் இருக்க வேண்டும். குர்குமின் மட்டும் தனித்து உயர்ந்து மற்றவை சுவடே இல்லாமல் போனால் செயற்கைச் சரக்கு என்று சந்தேகிக்க இடம் உண்டு.

‘10:1 சாறு’ என்ற குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பத்துக் கிலோ மூலிகையிலிருந்து ஒரு கிலோ சாறு என்பது கணக்கு. அந்த ஒரு கிலோவில் நிரப்பியாகச் சேர்க்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் எவ்வளவு, எந்தக் கரைப்பானில் எடுத்தது என்று சொல்லாதவரை அந்த விகிதத்துக்குப் பொருளே இல்லை. கூடம் இதைச் சோதிக்காது; விற்பவரிடம்தான் எழுத்தில் வாங்க வேண்டும்.

உலோகம், நுண்ணுயிர், நச்சு

இந்தப் பகுதியைக் கூடங்கள் பொதுவாக நன்றாகவே செய்கின்றன. மைக்ரோவேவில் அமிலத்தோடு முழுதாகச் செரித்து, ஐ.சி.பி.–எம்.எஸ். கருவியில் ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம் அளப்பது நம்பகமான முறை. சிக்கல் வரம்பில் வரும். உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலில் ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம், காட்மியம் 0.3. ஐரோப்பியத் தொகுப்பின் பொது வரம்பில் ஈயம் 5, காட்மியம் 1, பாதரசம் 0.1. ஈயம் 7 வந்த சரக்கு ஓர் அட்டவணையில் தேறும், இன்னொன்றில் விழும். காட்மியத்தில் நிலைமை நேரெதிர். எந்த அட்டவணை என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் கூடம் தனக்குப் பழகியதைப் போட்டுக்கொள்ளும். ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அளக்கக்கூடிய கீழ் எல்லை இல்லையென்றால் அது முடிவே அல்ல: எல்லை 5 ஆக இருந்தால் 4.9 இருந்தாலும் ‘கண்டறியப்படவில்லை’தான். மஞ்சள் தூளில் ஈயமும் குரோமியமும் சேர்ந்து ஏறினால் நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பேக்கேஜின் நான்கில் குரோமியம் கிடையாது; மஞ்சளுக்குத் தனியாகக் கேட்க வேண்டும். வில்லோ பட்டை போன்றவை மண்ணிலிருந்து காட்மியத்தை இழுத்துச் சேர்ப்பவை. அவற்றில் எண் உயர்ந்தால் கலப்படம் என்று முடிவு கட்டாமல் விளைந்த நிலத்தை விசாரிக்க வேண்டும்.

நுண்ணுயிர் வரம்பு, சரக்கை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலில், நேரே உள்ளே சாப்பிடும் சூரணத்துக்கு ஒரு கிராமில் பாக்டீரியா 1,00,000 வரை, பூஞ்சையும் ஈஸ்ட்டும் 1,000 வரை, ஈ.கோலி 10 வரை. கொதிநீர் ஊற்றிக் குடிக்கும் சரக்குக்குப் பாக்டீரியா 1,00,00,000, பூஞ்சை 10,000, ஈ.கோலி 100 வரை போகலாம். சால்மொனெல்லா இரண்டிலும் இருக்கவே கூடாது. மாதிரியோடு பயன்பாட்டை எழுதாவிட்டால் கொதிநீர்ச் சரக்கு அநியாயமாக விழும்; அதைவிட மோசம், சூரணம் தளர்ந்த வரம்பில் தேறிவிடும்.

பலர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. கிராம்பு, ஓமம் போன்ற சரக்கு தானே கிருமியைக் கொல்லும். அதைக் கிருமி வளர்க்கும் ஊடகத்தில் கலந்ததும் பாக்டீரியா வளராது. எண்ணிக்கை அழகாகக் குறைந்து வரும். கூடம் தெரிந்த அளவு கிருமியை மாதிரியோடு சேர்த்துவிட்டு, அது திரும்ப வளர்கிறதா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். வளரவில்லையென்றால் இன்னும் நீர்க்க வேண்டும், லெசித்தினும் பாலிசார்பேட்டும் சேர்த்து அடக்க வேண்டும், அல்லது சவ்வில் வடித்துக் கழுவ வேண்டும். இந்தச் சரிபார்ப்பு நடந்ததா என்று மின்னஞ்சலில் ஒரு வரி கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே கூடத்தின் தரம் தெரிந்துவிடும்.

எண்ணிக்கை மிகக் குறைவாக, ஏறத்தாழ பூஜ்யமாக வந்தாலும் மகிழ வேண்டாம். மண்ணில் விளைந்த வேர் அப்படி இருக்காது. நீராவியோ கதிர்வீச்சோ எத்திலீன் ஆக்சைடோ பட்டிருக்கும். நீராவி என்றால் வாசனை எண்ணெயைத் திரும்ப அளக்க வேண்டும். எத்திலீன் ஆக்சைடு என்றால் அதன் எச்சத்தையும், அது மாறி உருவாகும் 2–குளோரோஎத்தனாலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பூஞ்சையைக் கொன்ற பிறகும் அது முன்பே விட்டுச்சென்ற அஃப்ளாடாக்சின் அப்படியே இருக்கும். ஆகவே பூஞ்சை எண்ணிக்கை சுத்தமாக இருப்பதால் நச்சுச் சோதனையைத் தவிர்ப்பது தவறான சிக்கனம். ஐரோப்பிய வரம்பு அஃப்ளாடாக்சின் பி1-க்குக் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம், அஃப்ளாடாக்சின் வகைகள் நான்கும் சேர்ந்து 4. இந்த நச்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது, திட்டுத் திட்டாக இருக்கும். மாதிரி எடுப்பதில் செய்த சிக்கனம் வேறெங்கும் இவ்வளவு கடுமையாகப் பழிவாங்காது. அதிமதுரத்துக்கு ஆக்ராடாக்சின்–ஏ என்ற பூஞ்சை நச்சைத் தனியாகக் கேட்க வேண்டும்.

பூச்சிக்கொல்லி எச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எத்தனை சேர்மங்களைத் தேடினார்கள் என்ற பட்டியலை மட்டும் கேட்டு வாங்குங்கள். அதைவிடக் கவனம் வேண்டியது பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற செடி நச்சு. மூலிகையில் அது இல்லாவிட்டாலும், அறுவடையில் கூடவே வந்த தேள்கொடுக்கு போன்ற ஒரு சில களைச்செடிகளால் கல்லீரலுக்கு ஆகாத அளவுக்கு ஏறிவிடும்.

தயாரான மருந்துக்கு இதே பேக்கேஜ் போதவே போதாது

மாத்திரையாகவும் கேப்ஸ்யூலாகவும் வந்தபின் கேள்விகள் மாறிவிடுகின்றன. மூலிகை என்று விற்பதில் ரகசியமாகக் கலந்த ஆங்கில மருந்துதான் இங்கே முதல் கவலை. மூட்டுவலி மருந்தில் டெக்சாமெத்தசோனோ டைக்லோஃபெனாக்கோ, எடைகுறைப்பு மருந்தில் சிபுட்ரமின், ஆண்மை மருந்தில் சில்டெனாஃபிலோ அதன் சாயலில் வடிவம் மாற்றிய சேர்மமோ: உலகம் முழுக்கக் கட்டுப்பாட்டு அமைப்புகள் திரும்பத் திரும்பப் பிடிப்பவை இவை. ‘முழுப் பரிசோதனை’ இவற்றில் ஒன்றைக்கூடத் தேடாது. எல்.சி.–எம்.எஸ். முறையில் (சேர்மங்களைப் பிரித்து, நிறையைக் கொண்டு அடையாளம் காண்பது) தனியாகக் கேட்க வேண்டும். பட்டியலில் உள்ளதை மட்டும் தேடும் சோதனை வடிவம் மாற்றிய சேர்மத்தைத் தவறவிடும் என்பதால், பட்டியலுக்கு வெளியே தேடும் முறை அவர்களிடம் உண்டா என்றும் கேளுங்கள். பிறர் தயாரித்ததை வாங்கித் தன் பெயரில் விற்பவர், வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது.

மாத்திரை உடையும் நேரத்தை எளிதாகச் சோதிக்கலாம். 37 டிகிரி நீரில் பூச்சில்லாத மாத்திரை 15 நிமிடத்துக்குள்ளும் கெட்டிக் கேப்ஸ்யூல் 30 நிமிடத்துக்குள்ளும் உடைய வேண்டும் என்பது ஐரோப்பியத் தொகுப்பின் அளவு. பிசின் மிகுந்த சாற்றை அழுத்திச் செய்த மாத்திரை வெளியே வழுவழுவென்று உறை கட்டிக்கொண்டு உடையாமலே நிற்கும். சேமிப்பில் நாளாக நாளாக இது மோசமாகும். அதனால் தயாரித்த அன்றும் ஆறு மாதம் கழித்தும் இரண்டு முறை பாருங்கள். உலர்சாறு நிரப்பிய கேப்ஸ்யூல் காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாவதும் இதே வகைப் பிரச்சினைதான். அதைச் சரிசெய்ய வேண்டிய இடம் சிமிழும் அதன் மூடியும்.

காலாவதித் தேதியைக் கூடம் நிர்ணயிக்காது. தயாரிப்பவரே (ஐரோப்பிய அளவுப்படி என்றால் 25 டிகிரி, 60 சதவீத ஈரத்தில்) வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டுதலில், குணம் இன்ன சேர்மத்தால் என்று தெரிந்த மருந்தில் அந்தச் சத்து தொடக்க அளவிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. அடையாளத்துக்காக மட்டும் அளக்கும் சேர்மம் என்றால் 10 சதவீதம் வரை இடம் தருகிறார்கள்.

யார் எதை வாங்கலாம்

வேரும் இலையும் முழுதாக வாங்கும் சிறு தயாரிப்பாளர் அயற்பொருள், நுண்ணோக்கி, சாம்பல், கரையும் சத்து ஆகியவற்றைத் தன் இடத்திலேயே செய்துகொள்ளலாம். ஒரு தராசு, ஒரு மஃபிள் அடுப்பு, ஒரு நுண்ணோக்கி, பயிற்சி பெற்ற ஓர் ஆள் இருந்தால் போதும். வெளியே அனுப்ப வேண்டியவை எச்.பி.டி.எல்.சி., உலோகம், நுண்ணுயிர், நச்சு. சாறு வாங்குபவர் இதைத் திருப்பிப் போட வேண்டும்: நுண்ணோக்கிக்கு அங்கே வேலை இல்லை, காய்ச்சாத கைரேகை, கரைப்பான் எச்சம், சேர்ப்புப் பொருளின் அளவு மூன்றும்தான் முதலில். தயாரான மருந்தை விற்பவருக்கு, ரகசியமாகக் கலந்த மருந்தைத் தேடும் சோதனையும் உடையும் நேரமும்.

அறிக்கை கைக்கு வந்ததும் பேட்ச் எண், மாதிரி பெற்ற தேதி, சோதனை முறை, எண், வரம்பு, வரம்பு எங்கிருந்து எடுத்தது ஆகிய ஆறும் ஒவ்வொரு வரிசையிலும் தொடர்கின்றனவா என்று பாருங்கள். எண் இல்லாமல் ‘உட்பட்டது’ என்று மட்டும் உள்ள வரிசைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் (சோதனைக்கூடத் திறனுக்கான சர்வதேசத் தரம்) கூடத்துக்கு இருக்கிறதா என்று கேட்பதைவிட, நீங்கள் கேட்ட சோதனை, உங்கள் வகைச் சரக்குக்கு, அந்த அங்கீகாரப் பட்டியலுக்குள் வருகிறதா என்று கேளுங்கள். உணவு எண்ணெயில் உலோகம் பார்க்க வாங்கிய அங்கீகாரம் மூலிகை வேருக்குச் செல்லாது. அனுப்பிய மாதிரியின் மறுபாதியை முத்திரையிட்டு, இருட்டில், உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள். தயாரான மருந்து என்றால் காலாவதிக்குப் பிறகும் ஓராண்டு வரை அதை எறிய வேண்டாம்.